வின்ச் கேபிளை நீட்டுவது: 400 ஆம்பியர் கேட்கும் கணக்கு

சேற்றில் புதைந்த ஜீப்பை இழுத்து வெளியேற்றும் 12 வோல்ட் வின்ச், முழுச் சுமையில் ஏறக்குறைய 400 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். சந்தையில் அதிகம் விற்கும் 9,500 பவுண்டு, அதாவது சுமார் 4,300 கிலோ இழுவைத் தரம் கொண்ட வின்ச்களின் நிலை இது. அந்த நேரத்தில் அது வாங்கும் ஆற்றல் 5 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. இதே ஆற்றலை வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் எடுத்தால் 21 ஆம்பியர் போதும். சுவருக்குள் ஓடும் சாதாரணக் கம்பியே அதைத் தாங்கிவிடும். வோல்ட் குறைந்ததால் ஆம்பியர் இருபது மடங்காகிறது. கம்பியில் உண்டாகும் வெப்பமோ ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே கம்பியில் அது 400 மடங்காகும். வீட்டு வயரிங்கில் கைதேர்ந்தவர்கள்கூட வின்ச் கேபிளில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். வீட்டில் பொருட்படுத்தத் தேவையில்லாத ஒரு மில்லிஓம் (ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மின்தடை இங்கே பெரிய விஷயம்.

வின்ச்சுடன் வரும் கேபிள் பெரும்பாலும் இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும். முன் பம்பரில் வின்ச், அதற்குச் சற்றுப் பின்னால் என்ஜின் அறையில் பேட்டரி என்ற அமைப்புக்கு அது போதும். வின்ச்சைப் பின்பக்கம் வைக்க நினைக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. பழுதான கார்களை ஏற்றிச் செல்லும் மீட்பு வண்டியில் வின்ச் தளத்தின் மேல் இருக்கும். மஹிந்திரா தார் போன்ற வண்டியில், முன்னாலும் பின்னாலும் மாற்றி மாட்டும்படி வின்ச்சைக் கழற்றக்கூடிய தாங்கியில் பொருத்துபவர்கள் உண்டு. படகு டிரெய்லரில் இன்னும் தூரம். இவர்கள் எல்லோருக்கும் கேபிள் நீள வேண்டும். பலர் இருக்கும் கேபிளோடு அதே தடிமனில் இன்னொரு துண்டை ஒட்டினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். நீளம் கூடும்போது கேபிளின் குறுக்குப் பரப்பும் கூட வேண்டும் என்பது அங்கே விட்டுப்போகிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். வின்ச்சுடன் வரும் கேபிள் பொதுவாக அமெரிக்கக் கம்பி அளவுமுறையில் 2 ஏ.டபிள்யூ.ஜி., நம் கடைகளில் கிடைக்கும் 35 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்குக் கிட்டத்தட்டச் சமம். வளையும் தன்மையுள்ள 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளுக்கு மீட்டருக்கு சுமார் 0.55 மில்லிஓம் மின்தடை உண்டு. மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் 1.8 மீட்டர் கேபிள் என்றால் 3.6 மீட்டர் என்றே எண்ண வேண்டும். மின்தடை 2 மில்லிஓம். 400 ஆம்பியரில் 0.8 வோல்ட் இழப்பு. வின்ச் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்ட இழப்பு ஏறக்குறைய இவ்வளவுதான். இப்போது அதே கேபிளைப் பின் பம்பர் வரை ஐந்து மீட்டர் கொண்டுபோனால், போய்த் திரும்ப பத்து மீட்டர், 5.5 மில்லிஓம், 2.2 வோல்ட் இழப்பு. கேபிளே 880 வாட் ஹீட்டராகிவிடுகிறது.

பேட்டரியும் 12 வோல்ட்டில் நிற்பதில்லை. பெரும்பாலான வாகனங்களின் ஆல்டர்னேட்டர் தருவது 100 முதல் 150 ஆம்பியர்; மீதி முழுவதும் பேட்டரியிலிருந்துதான் வர வேண்டும். அந்தச் சுமையில் நல்ல பேட்டரியே 10.5 வோல்ட் அருகில் இறங்கிவிடும். அதிலிருந்து 0.8 கழித்தால் மோட்டாருக்கு 9.7 வோல்ட் மிச்சம். 2.2 கழித்தால் 8.3. ஏழில் ஒரு பங்குதானே குறைகிறது என்று விட்டுவிட முடியாது. மோட்டாருக்கு வந்து சேரும் வோல்ட்டில் ஒரு பகுதியை அதன் சுருள்களின் மின்தடையே தின்றுவிடும். எஞ்சியதுதான் சுழலும் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கேபிளில் போன 1.4 வோல்ட் அந்த எஞ்சிய பங்கிலிருந்து கழிகிறது. ஆகவே வேகம் ஏழில் ஒரு பங்கைவிட அதிகமாகவே குறையும்.

கம்பி மெலிந்தால் வின்ச் குறைந்த ஆம்பியர் எடுக்கும், அதனால் பாதுகாப்புதான் என்று சிலர் வாதிடுவதுண்டு. அது தவறு. மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கும் என்பதைச் சுமை தீர்மானிக்கிறது. இழுக்க வேண்டிய எடை அதே எடைதான் என்றால் தேவைப்படும் திருப்புவிசையும் ஆம்பியரும் அதேதான். வேகம் மட்டும் குறைகிறது. வேகம் குறைந்தால் வேலை முடிய நேரம் கூடுகிறது. அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் மோட்டாரும் கேபிளும் பேட்டரியும் 400 ஆம்பியரில் வேகின்றன. வின்ச் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்கு வடிவமைக்கப்பட்டது அல்ல. ஒரு நிமிடம் இழுத்தால் பல நிமிடம் ஆற விட வேண்டிய வகை அது. கேபிளில் இழக்கும் வோல்ட்டுக்கான விலையை மோட்டாரின் ஆயுள் கொடுக்கிறது.

இன்னொரு ஆபத்து மறைவாக இருக்கிறது. மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடுவது சாலினாய்டு அல்லது கான்டாக்டர். அதன் சிறு சுருளுக்கான மின்சாரம் பெரும்பாலும் இதே கேபிளிலிருந்துதான் வருகிறது. வோல்ட் அளவுக்கு மீறி இறங்கினால் சுருளால் தொடுமுனைகளை இறுகப் பிடித்துவைக்க முடியாது. அவை படபடவென்று விட்டு விட்டுத் தொடும். ஒவ்வொரு முறையும் தீப்பொறி எழும். கடைசியில் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், கையிலுள்ள சுவிட்சை விட்ட பிறகும் வின்ச் இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு முழு விசையில் இருக்கும்போது இது நடந்தால் அருகில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கையால் சட்டென்று திருப்பி அணைக்கக்கூடிய ஐசொலேட்டர் சுவிட்ச் ஒன்றைப் பேட்டரி அருகில் கட்டாயம் வைக்க வேண்டும் என்கிறேன்.

ஐந்து மீட்டர் தூரத்திலும் இழப்பு அதே 0.8 வோல்ட்டில் நிற்க வேண்டுமானால், நீளம் எத்தனை மடங்கு கூடியதோ அத்தனை மடங்கு பரப்பும் கூட வேண்டும். கணக்கு 95 சதுர மில்லிமீட்டரில் போய் நிற்கிறது. அது விலை கூடியது, வளைக்கக் கடினம், சேசிஸ் ஓரமாகக் கொண்டுபோவதும் சிரமம். 70 சதுர மில்லிமீட்டரில் 1.1 வோல்ட் இழப்பு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே நியாயமான சமரசம். 50 சதுர மில்லிமீட்டரில் 1.5 வோல்ட், எப்போதாவது, லேசான சுமைக்கு என்றால் ஓடும். அதற்குக் கீழே நான் போகமாட்டேன். வெப்பத்தையும் பாருங்கள். 400 ஆம்பியரில் 35 சதுர மில்லிமீட்டர் செம்பு விநாடிக்குச் சுமார் 0.65 டிகிரி செல்சியஸ் சூடேறும். ஒரு நிமிடத்தில் 40 டிகிரி. பரப்பை இரட்டித்து 70 ஆக்கினால் அந்த வேகம் நான்கில் ஒன்றாகி, நிமிடத்துக்குச் சுமார் 10 டிகிரியாக இறங்கிவிடும். என்ஜின் அறைக்குள் ஏற்கெனவே 60 டிகிரி இருக்கும்போது, 70 டிகிரி தரமுள்ள சாதாரண பி.வி.சி. உறைக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

எனவே முதல் யோசனை: ஒட்டாதீர்கள், மாற்றுங்கள். பழைய மெல்லிய கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து, சாலினாய்டு இருக்கும் வின்ச்சின் கட்டுப்பாட்டுப் பெட்டி வரை தடிமனான ஒரே நீளக் கேபிளை இழுத்துவிட்டால் இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. இங்கே ஒரு தேர்வு வரும். கட்டுப்பாட்டுப் பெட்டியை பேட்டரி அருகில் வைப்பதா, வின்ச் அருகிலா? மழையும் சேறும் படாது என்பதால் பெட்டியை என்ஜின் அறைக்குள் வைக்கப் பலருக்கு ஆசை. பெட்டிக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டே கேபிள்தான். தொடர்சுற்று மோட்டாராக (அதன் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்தவை) இருந்தால், முன்னும் பின்னும் சுழல்வதற்காகப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே மூன்று தடித்த கேபிள் ஓடும். மோட்டாரின் எர்த் கேபிளையும் சேர்த்தால் நான்கு. பெட்டியை வின்ச்சிலிருந்து தூரத்தில் வைத்தால் நீட்ட வேண்டியவை இரண்டுக்குப் பதில் நான்காகிவிடும். தூரம் அதிகமென்றால் பெட்டி வின்ச்சோடே இருக்கட்டும். பேட்டரி பக்கத்து இரண்டு கேபிளை மட்டும் நீட்டுங்கள்.

மாற்ற வழியில்லை, இணைத்தே ஆக வேண்டும் என்றால் இணைப்பின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மில்லிஓம் மின்தடையுள்ள மோசமான இணைப்பில் 400 ஆம்பியர் போனால் 160 வாட் வெப்பம் உண்டாகும். மின்சார வேலைக்காரர்கள் கையில் வைத்திருக்கும் சாலிடரிங் அயர்ன் 25 முதல் 60 வாட்தான். அதைவிடப் பல மடங்கு வெப்பம், கட்டைவிரல் அளவுள்ள ஓர் இடத்தில், ரப்பர் உறைக்குள் அடைந்துகிடக்கும். நன்றாகச் செய்த இணைப்பின் மின்தடை ஒரு மில்லிஓமில் இருபதில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். வெப்பம் எட்டு வாட்டைத் தாண்டாது.

இந்த வித்தியாசத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுத்தியலால் அடித்து நசுக்கிய ஒரு லக்கை, அதாவது கேபிள் நுழையும் குழலும் போல்ட் ஓட்டையும் உள்ள முனைத்துண்டை எடுத்து, அதன் குழல் பகுதியை ஹேக்ஸா பிளேடால் குறுக்காக அறுத்து, வெட்டுமுகத்தை எமரித் தாளில் தேய்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் இழைகள் நசுங்கிக் கிடக்கும். இன்னோரிடத்தில் உருண்டையாக, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நடுவே கறுத்த இடைவெளியோடு நிற்கும். அந்த இடைவெளிகளில் தண்ணீரும் காற்றும் போய் ஆக்சைடு படியும். மாதங்கள் போகப் போக மின்தடை ஏறும். சரியான டை (அழுத்தும் அச்சு) போட்டு ஹைட்ராலிக் கருவியால் அறுகோணமாக அழுத்திய லக்கை அதேபோல் அறுத்தால் இழைகளைத் தனித்தனியாகப் பிரித்தறிவதே கடினம். ஒவ்வோர் இழையும் பல பக்கம் நசுங்கி, தேன்கூட்டு அறைகள்போல் ஒன்றோடொன்று ஒட்டி, முழுச் செம்புத் துண்டாகத் தெரியும். காற்றுகூடப் புக இடமில்லை. கிரிம்பிங் என்பதன் நோக்கம் அதுதான்.

அந்த நிலையை எட்ட மூன்று அளவுகள் பொருந்த வேண்டும்: கேபிள், லக், டை. லக்கின் மேல் 70-10 என்று பொறித்திருந்தால் 70 சதுர மில்லிமீட்டர் கேபிளுக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்குமானது என்று பொருள். நுண்ணிய இழைகள் கொண்ட வளையும் கேபிள், அதே பரப்புள்ள கட்டடக் கேபிளைவிடச் சற்றுப் பருமனாக இருக்கும். அதனால் சாதாரண லக்கில் நுழைய மறுக்கும். அப்போது நான்கைந்து இழையை வெட்டிவிட்டு நுழைக்கும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. செய்யக் கூடாது. வளையும் கேபிளுக்கென்றே சற்று அகன்ற குழலுள்ள லக் கிடைக்கிறது. அதைத் தேடி வாங்க வேண்டும். மலிவான ஹைட்ராலிக் கருவிகளில் டையின் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்புவதும் சரியல்ல. அழுத்திய பிறகு அறுகோணத்தின் இரு ஓரங்களிலும் தகடுபோல் செம்பு பிதுங்கினால் டை சிறியது. லக் குழலுக்குள் கேபிள் அசைந்தால் டை பெரியது. உதிரித் துண்டு ஒன்றில் முதலில் அழுத்தி, அறுத்துப் பார்த்துவிட்டு உண்மையான வேலையைத் தொடங்குவது நல்லது.

உறையைக் குழலின் ஆழத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக உரியுங்கள். உள்ளே செம்பு பளபளக்க வேண்டும். பழைய கேபிளில் இழைகள் கறுத்திருந்தால், நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பை எந்தக் கிரிம்பிங்காலும் காப்பாற்ற முடியாது. உட்பக்கம் பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை லக் போடும் முன்பே கேபிளில் கோத்துத் தள்ளி வைத்துவிட வேண்டும். லக்கில் இரண்டு அழுத்தம் கொடுப்பதாக இருந்தால் போல்ட் ஓட்டை இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கிக் கேபிள் பக்கம் வாருங்கள். இரு கேபிள் முனைகளையும் ஒரே குழலுக்குள் சந்திக்க வைக்கும் நேரிணைப்புக் குழல் என்றால் நடுவிலிருந்து வெளிப்புறமாக. சூடேற்றும்போது ஸ்லீவின் இரு முனைகளிலும் பசை சுற்றிலும் கசிந்து தெரிந்தால் தண்ணீர் புகாது என்று நம்பலாம். இன்சுலேஷன் டேப் சுற்றுவது இதற்கு மாற்றல்ல. சூட்டில் அதன் பசை இளகி, டேப் அவிழ்ந்துவிடும்.

ஈயப் பற்று வைக்கலாமா என்பது பட்டறைகளில் ஓயாத விவாதம். பழைய வண்டிகளில் ஈயம் ஊற்றிய பேட்டரி லக்குகள் ஆண்டுக்கணக்கில் உழைத்திருக்கின்றன, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய வெப்பத்தைத் தடித்த கேபிளுக்குச் சீராகக் கொடுக்கத் தெரிந்த கைகள் குறைவு. வெளியே மினுங்கும், உள்ளே ஒட்டியிருக்காது. 60-40 ஈயம் 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும். அதன் மின்தடை செம்பைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். எல்லாவற்றையும்விட முக்கியமானது, உருகிய ஈயம் இழைகளுக்கு நடுவே ஊறி உறைக்குள் சில சென்டிமீட்டர் ஏறிவிடுவது. அந்தப் பகுதி விறைத்துப்போகிறது. விறைப்பு முடிந்து நெகிழ்வு தொடங்கும் கோட்டில், வண்டியின் அதிர்வால் இழைகள் ஒவ்வொன்றாக முறியும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. சரியாகச் செய்த கிரிம்பிங்குக்கு மேல் ஈயம் ஊற்றுவதாலும் பயனில்லை. ஏற்கெனவே இடைவெளி இல்லாத இடத்தில் அது எங்கே போகும்?

நேரிணைப்புக் குழலைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. இரு கேபிள் முனைகளிலும் லக் போட்டு, மின்காப்புத் தளத்தில் நிற்கும் ஸ்டட் (மரையுள்ள தண்டு) ஒன்றில் இரண்டையும் சேர்த்து இறுக்கிவிடுவது. பின்னால் கழற்றலாம், சோதிக்கலாம், ஒரு பக்கக் கேபிளை மட்டும் மாற்றலாம். இதில் அடிக்கடி நடக்கும் பிழை வாஷர். இரண்டு லக்குகளுக்கும் நடுவே ஸ்டீல் வாஷரைப் போட்டுவிடுகிறார்கள். மின்னோட்டம் முழுவதும் செம்பைவிடப் பல மடங்கு மின்தடையுள்ள எஃகின் வழியே போக நேரிடுகிறது. லக்கின் முகமும் லக்கின் முகமும் நேரடியாக ஒட்ட வேண்டும். வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட்டு எல்லாம் அவற்றுக்கு மேலே. போல்ட்டின் வேலை அழுத்திப் பிடிப்பது. மின்சாரம் கடத்துவது அல்ல. பேட்டரி முனையிலும் இதே ஒழுங்குதான்: வின்ச்சின் தடித்த லக் முதலில், சிறு வயர்களின் லக்குகள் அதன் மேல். மேலே ஒரு ரப்பர் மூடி இருக்கட்டும்.

முன்னும் பின்னும் மாற்றி மாட்டும் வின்ச்சுக்குக் கழற்றி இணைக்கும் கனெக்டர் தேவைப்படும். ஆண்டர்சன் நிறுவனத்தின் எஸ்.பி. வகைக் கனெக்டர்கள் இதில் உலகம் முழுதும் பழக்கமானவை. ஆண், பெண் என்ற பேதமில்லாமல் இரண்டு பக்கமும் ஒரே வடிவம். செருகும்போது தொடுமுனைகள் ஒன்றையொன்று தேய்த்துத் தாமாகவே சுத்தமாகும். எஸ்.பி. 175 என்றால் 175 ஆம்பியர், எஸ்.பி. 350 என்றால் 350. தொடர்ந்து ஓடும் மின்னோட்டத்துக்கான தரம் அது. வின்ச் விட்டுவிட்டு ஓடுவது என்பதால் 175 போதும் என்று பலர் போடுகிறார்கள். லேசான இழுவைக்கு அது தாங்கும். சேற்றில் புதைந்த முழு எடை வண்டியை இழுக்க நான் 350-ஐத்தான் தேர்ந்தெடுப்பேன். அதன் வெளிக்கூட்டின் நிறம் வோல்ட்டைக் குறிக்கிறது: மஞ்சள் 12, சிவப்பு 24, சாம்பல் 36, நீலம் 48. வேறு நிறக் கூடுகள் ஒன்றோடொன்று சேராதபடி உள்ளே சாவி அமைப்பு இருப்பதால் இரு பக்கமும் ஒரே நிறம் வாங்க வேண்டும்.

திரும்பும் பாதையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பாசிட்டிவ் கேபிளுக்கு 70 சதுர மில்லிமீட்டர் போட்டுவிட்டு, எர்த்தைப் பின்னால் சேசிஸில் ஒரு போல்ட்டில் மாட்டிவிடுவது வழக்கம். சேசிஸ் தடித்த இரும்புதான். ஆனால் சேசிஸிலிருந்து பேட்டரிக்குப் போகும் தொழிற்சாலை எர்த் பட்டை ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடி ஓடுவதை நினைத்துப் போடப்பட்டது. வழியில் பெயிண்ட், துரு, போல்ட் என்று ஒவ்வொன்றும் மின்தடை சேர்க்கும். எர்த்துக்கும் அதே தடிமனில் தனிக் கேபிளை பேட்டரி வரை இழுப்பதே சரி. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்ட உணரி இருக்கும். அப்படியானால் உணரியைத் தாண்டி, வண்டிப் பக்கமாக, தயாரிப்பாளர் காட்டும் எர்த் புள்ளியில் இணைக்க வேண்டும்.

கேபிள் வாங்கும்போது விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் கையில் தூக்கிப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய கேபிள் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கடத்தும் திறன் செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வெள்ளீயம் பூசிய நல்ல செம்புக் கேபிளில் இதற்கு நேர்மாறு, வெளியே வெள்ளை, உள்ளே செம்பு. வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு. நுண்ணிய இழை, நன்றாக வளையும், எளிதில் கிடைக்கும். அதன் ரப்பர் உறை எண்ணெயும் சூடும் தாங்குமா என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். வண்டியின் அடியில் ஓடும் நீளம் முழுவதும் ஒரு பாதுகாப்புக் குழாய்க்குள் இருக்க வேண்டும். தகட்டில் துளை வழியே போகும் இடங்களில் ரப்பர் வளையம். சைலன்சரிலிருந்தும் அசையும் ஆக்சிலிலிருந்தும் விலகல்.

ஃபியூஸ் போடலாமா? வின்ச் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் போடுவதில்லை. இழுக்கும் நடுவில் ஃபியூஸ் அறுந்தால் வண்டி சரிவில் தொங்கும் என்பது அவர்கள் வாதம். முன் பம்பர் வரை ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு அந்த வாதத்தை ஏற்கலாம். வண்டியின் அடியில் ஐந்து மீட்டர் ஓடும் கேபிளுக்கு ஏற்க முடியாது. எங்காவது உறை தேய்ந்து சேசிஸைத் தொட்டால் பேட்டரி 2,000 ஆம்பியருக்கும் மேல் கொட்டும். ஏற்கெனவே சூடான 35 சதுர மில்லிமீட்டர் கேபிளின் பி.வி.சி. உறை சில விநாடிகளில் கெட்டுவிடும். மெதுவாக அறுபடும் வகை ஃபியூஸ், தன் தரத்தைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலை ஒரு நிமிடத்துக்கு மேலும் தாங்கும். பல மடங்கு பாய்ந்தால் சில விநாடிக்குள் அறுந்துவிடும். அதைப் பேட்டரிக்கு மிக அருகில், ஐசொலேட்டரோடு சேர்த்து வைக்கலாம். இழுக்கும் நேரம் தவிர ஐசொலேட்டர் எப்போதும் அணைந்தே இருக்கட்டும். ஆபத்தில் பெரும்பகுதி அப்போதே நீங்கிவிடும்.

கேபிளை நீட்டுவதைத் தவிர்க்கவும் வழிகள் உண்டு. வின்ச் அருகிலேயே இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்தால் தடித்த கேபிள் ஒரு மீட்டரோடு முடிந்துவிடும். முன்னாலிருந்து போவது சார்ஜ் செய்யும் மெல்லிய கேபிள் மட்டும், அதுவும் ஃபியூஸோடு. இழுக்கும் நேரத்தில் அந்தத் தொடர்பைத் துண்டித்துவிட வேண்டும். இல்லையென்றால் முன் பேட்டரியும் அந்த மெல்லிய கேபிள் வழியாகவே வின்ச்சுக்குக் கொடுக்க முயலும். 24 வோல்ட் லாரியில் 24 வோல்ட் வின்ச் போட்டால் ஆம்பியர் பாதியாகிவிடும். எந்த வண்டிக்கும் பொருந்தும் இன்னொன்று கப்பி. கயிற்றைக் கப்பி வழியாகத் திருப்பி வண்டியிலேயே மாட்டினால் வின்ச்சின் மேல் சுமை ஏறக்குறையப் பாதியாகிறது, ஆம்பியரும் கிட்டத்தட்ட அப்படியே. இழுக்கும் நேரம் கூடினாலும் கேபிளில் உண்டாகும் வெப்பம் நொடிக்கு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்க மல்டிமீட்டர் போதும். ஆனால் ஓம் அளவில் வைத்துச் சோதிப்பதில் பயனில்லை. சாதாரண மீட்டரால் மில்லிஓமைப் படிக்க முடியாது. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, சுமையோடு வின்ச்சை இயக்கி, ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கமும் முனைகளைத் தொட வேண்டும். டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் அதே நேரத்தில் ஆம்பியரையும் பார்க்கலாம். மீட்டர் கம்பிகளை முன்கூட்டியே கிளிப்பால் மாட்டிவிட்டு, இழுபடும் கயிற்றின் பாதையிலிருந்து விலகி நின்று படியுங்கள். 200 ஆம்பியரில் ஒரு கிரிம்பிங் இணைப்பில் 10 மில்லிவோல்ட் என்றால் 0.05 மில்லிஓம், நல்ல வேலை. 50 மில்லிவோல்ட் காட்டினால் கழற்றிப் பார்க்க வேண்டும். 100-ஐத் தாண்டினால் அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். பிறகு பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வின்ச் பெட்டியின் பாசிட்டிவ் வரை ஒன்று, நெகட்டிவிலிருந்து நெகட்டிவ் வரை ஒன்று என இரண்டு அளவு. கணக்கில் வந்த எண்ணுக்கு அருகில் இருந்தால் சரி. எண்களைக் கட்டுப்பாட்டுப் பெட்டி மூடியின் உட்புறம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் அதே ஆம்பியரில் மறுபடி அளந்து பாருங்கள். எந்த இணைப்பில் தண்ணீர் புகுந்திருக்கிறது என்பதை, சூடாகித் தெரிவதற்கு முன்பே அந்த எண் காட்டிவிடும்.